கொல்லிமலை: அருவிக்கு முன்னால் வயல்

கொல்லிமலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோரின் பயணம் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கிறது. சனிக்கிழமை விடியலில் சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளி அடிவாரத்துக்கு வந்து, 70 கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணிக்கொண்டே ஏறுகிறார்கள். அறப்பளீசுவரர் கோயிலில் ஒரு கும்பிடு, ஆகாயகங்கையில் ஒரு குளியல், சீக்குப்பாறையிலோ சேளூரிலோ நாலைந்து படம், செம்மேட்டில் ஒரு சாப்பாடு. இருட்டுவதற்குள் மலை இறங்கிவிடுகிறார்கள். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு வண்டியில் போகும்போது இரண்டு பக்கமும் ஓடி மறைகிற வயலும் மேட்டுக்காடும் மிளகுக்கொடியும் அவர்களுக்கு வழியில் கிடக்கும் வெறும் பச்சை. இந்த அத்தியாயம் அந்தப் பச்சையைப் பற்றியது. கொல்லிமலை ஒரு விவசாய மலை. அருவியை மையமாக வைத்துப் போட்ட பயணத் திட்டத்தைக் கலைத்து, பயிர்க்காலத்தை மையமாக வைத்துப் போட்டால் பார்க்கக் கிடைப்பதும் கூடும், மலைக்குப் போய்ச் சேர்வதும் கூடும். ஏன் அப்படி என்பதையும், அதை எப்படிச் செய்வது என்பதையும் இனிச் சொல்கிறேன்.

முதலில் மலையின் அமைப்பு. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டான கொல்லிமலை, நாமக்கல் சமவெளியிலிருந்து சுவர் எழுப்பியதுபோல் சட்டென்று எழுந்து, மேலே சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் பரந்து விரிகிறது. பரப்பு ஏறத்தாழ 280 சதுர கிலோமீட்டர். காடு பெரும்பாலும் விளிம்புகளில், சமவெளியைப் பார்த்த செங்குத்துச் சரிவுகளிலும் சிகரங்களிலும் ஓடைப் பள்ளங்களிலும் இருக்கிறது. மலையின் நடுப்பகுதி குன்றும் பள்ளமுமாக மாறி மாறி வரும் உழவு நிலம். பள்ளங்களில் ஊற்றுத் தண்ணீரை வரப்புக் கட்டி நிறுத்திப் படிப்படியாக நெல் வயல். அதற்கு மேல் மானாவாரி மேட்டுக்காட்டில் கேழ்வரகும் சாமையும் தினையும் இருந்தன. இன்று பெரும்பாலும் மரவள்ளி இருக்கிறது. வீட்டை ஒட்டிப் பலா, வாழை, அன்னாசி. சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காப்பி, அந்த மரங்களையே பற்றி ஏறும் மிளகு. ஆக, வெளியிலிருந்து பார்க்கிறவருக்குக் காடு, உள்ளே வந்தவருக்கு வயல் என்பதுதான் இந்த மலையின் சுபாவம். வளைவுகளில் ஏறும்போது காட்டைப் பார்த்துவிட்டு, மேலே வந்ததும் அருவிக்கு ஓடுகிறவர் மலையின் உள்நாட்டைத் தவறவிட்டு விடுகிறார்.

உள்நாடு என்று சொல்வது அலங்காரத்துக்காக அல்ல. இந்த மலை உண்மையிலேயே நாடுகளாகப் பிரிந்து கிடக்கிறது: வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, சேளூர் நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு, தேவானூர் நாடு என்று. இன்றைய ஊராட்சிகளும் அதே பெயரில்தான் இயங்குகின்றன. இங்கே வாழும் ஏறத்தாழ 40,000 பேரில் மிகப் பெரும்பான்மையினர் மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர். பேசுவது தமிழ். கேரளத்தோடு அவர்களுக்கு ஒட்டுமில்லை, உறவுமில்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் மூவரின் வழியினர் தாங்கள் என்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வரும் கதை. அந்தக் குடிகள் வருவதற்கு முன்பே இந்த மலைக்குப் பேர் இருந்தது. கடையெழு வள்ளல்களில் ஒருவரான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரருக்குக் கொடுத்ததைச் சங்கப் பாடல்கள் பேசுகின்றன. அறப்பளீசுவரர் கோயில் தேவாரத்தில் பெயர் வருகிற வைப்புத்தலம். ஈராயிரம் ஆண்டுகளாக மனிதர் குடியிருந்து, வெட்டி, உழுது, விதைத்த மலையைத் தொடாத வனம் என்று விளம்பரம் செய்வது உண்மைக்குப் பொருந்தாது, அதை வயலாக்கியவர்களுக்கும் மரியாதை செய்யாது.

இனி அந்த வயலுக்குள் நடந்த மாற்றத்துக்கு வருவோம். பார்க்க வருகிறவர் இதைத் தெரிந்துகொண்டால்தான் கண்ணில் படுவது என்ன என்று புரியும். சாமை ஒரே பயிராக இங்கே இருக்கவில்லை. கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, வெள்ளைப் பெருஞ்சாமை, கரும்பெருஞ்சாமை என்று பல. கேழ்வரகில் சுருட்டையும் பெருங்கேழ்வரகும் அரிசிக் கேழ்வரகும். தினையில் செந்தினை, பெருந்தினை, மூக்கன் தினை. இவற்றில் சில மூன்று மாதத்தில் கதிர் முற்றும், சில ஐந்து மாதம் நிற்கும். மழை முந்தினாலும் பிந்தினாலும் ஏதாவது ஒன்று வீட்டுக்கு வந்து சேரும் என்பதுதான் இத்தனை ரகங்களை வைத்திருந்ததன் சூட்சுமம். கேழ்வரகுக் காட்டிலேயே மொச்சையும் அவரையும் கடுகும் ஊடே நிற்கும். வயல் முழுக்க ஒரே பயிர் என்பது இந்தச் சரிவுகளுக்குப் புதிய பழக்கம்.

அந்தப் புதிய பழக்கத்தின் பெயர் மரவள்ளி, இந்தப் பக்கத்தார் பேச்சில் குச்சிக்கிழங்கு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சேலத்தைச் சுற்றி வேர்விட்ட ஜவ்வரிசித் தொழில், பிறகு ராசிபுரம், நாமக்கல், ஆத்தூர் வரை ஆலைகளாகப் பெருகியது. 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கமும் வந்தது. ஆலைக்குக் கிழங்கு தேவை, மலைக்குச் சாலை வந்துவிட்டது, லாரி காட்டு ஓரம் வரை வருகிறது. குச்சியை நட்டுவிட்டால் நாலைந்து களை எடுப்போடு கிட்டத்தட்ட பத்து மாதத்தில் மொத்தமாகப் பணம். பிள்ளையின் கல்லூரிக் கட்டணமோ வீட்டுக் கூரையோ அந்த மொத்தப் பணத்தில்தான் முடியும். சாமையோ விதைப்பு, களை, காவல், அறுப்பு, களத்தடி என்று ஆளைத் தின்னும். அதற்கு மேல் அதை அரிசியாக்குவது தனிப் பாடு. சாமையின் மணி கடுகைவிடச் சற்றே பெரிது, வழவழப்பான உமி அதை இறுக்கி மூடியிருக்கும். உரலில் போட்டு உலக்கையால் குத்தி, புடைத்து, மறுபடியும் குத்தினால்தான் ஒரு வேளைக்கான அரிசி தேறும். அந்தக் குத்துவேலை முழுவதும் பெண்கள் தலையில். இதற்கிடையே 2011 ஜூனில் தமிழ்நாட்டில் நியாயவிலைக் கடை அரிசி இலவசமானது. இலவச அரிசி அடுப்பில் வேகும்போது உலக்கையைத் தூக்கச் சொல்லி ஒரு பெண்ணிடம் யார் கேட்க முடியும்?

ஆகவே, மரவள்ளிக்கு மாறிய உழவரைக் குறை சொல்லும் உரிமை சமவெளியிலிருந்து காரில் வருகிற நமக்கு இல்லை. அவர்கள் கணக்குத் தெரிந்து மாறினார்கள். இருந்தாலும் அந்தக் கணக்கில் பின்னால் வந்து சேர்ந்த செலவுகளும் உண்டு. கிழங்கைப் பிடுங்கும்போது சரிவு நிலம் கிளறப்படுகிறது, அடுத்த மழை அந்த மண்ணை ஓடைக்குக் கொண்டுபோகிறது. ஆண்டுதோறும் அதே பயிர் மண்ணின் சத்தை இழுத்துவிடுவதால் உரச் செலவு ஏறுகிறது. கிழங்கின் விலை ஆலைகளின் கையில் இருக்கிறது, ஓர் ஆண்டு தூக்கும், மறு ஆண்டு கவிழ்க்கும். 2020-ஐ ஒட்டி வெளிநாட்டிலிருந்து வந்த மாவுப்பூச்சி நாமக்கல், சேலம் மாவட்ட மரவள்ளியைத் தாக்கியபோது, ஒற்றைப் பயிரை நம்பியிருப்பதன் ஆபத்து எல்லோருக்கும் தெரிந்தது. அதைக் கட்டுப்படுத்த ஆப்பிரிக்காவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட வேண்டியிருந்தது. பல ரகச் சாமை தந்த காப்பு எவ்வளவு பெரியது என்பதை இங்கே வைத்துப் பார்த்தால் புரியும்.

இதில் பயணிக்கு என்ன வேலை என்ற கேள்வி நியாயமானது. ஒரு கிலோ சாமை வாங்கிப் போவதால் ஆலைகளின் பொருளாதாரம் அசைந்துவிடுமா என்று கேட்பார்கள். அசையாது, அசைய வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. சிறுதானியம் ஒரு மலையிலிருந்து எப்படி மறைகிறது என்பதைக் கவனியுங்கள். பத்துப் பேர் விதைத்த இடத்தில் ஒன்பது பேர் நிறுத்திவிட்டால், அந்த வட்டாரத்துப் பறவைகள் அத்தனையும் மீதி ஒருவரின் காட்டில்தான் இறங்கும். காவல் காக்க ஆளில்லாமல் அவரும் அடுத்த ஆண்டு குச்சிக்கிழங்கு நடுவார். விதை வீட்டிலேயே பத்திரப்படுத்துவது. இரண்டு மூன்று ஆண்டு விதைக்காமல் விட்டால் முளைப்புத் திறன் குறைந்துவிடும், அதோடு அந்த ரகமும் போகும். ஆகவே கேள்வி, மலை முழுக்கச் சாமை வருமா என்பதில்லை. இன்னும் விதைக்கிற சிலர் விதைப்பதை நிறுத்தாமல் இருக்க அவர்களுக்கு வாங்குகிறவர் உண்டா என்பதே. அந்தக் கடைசி ஓரத்தில் சின்னத் தொகைக்கும் எடை உண்டு. கணக்காகவே பாருங்கள். ஒரு பேருந்தில் வந்த 50 பேர் ஆளுக்கு 2 கிலோ சாமையரிசி வாங்கினால் 100 கிலோ. உமி போவதைச் சேர்த்தால் அதற்கு 150 கிலோவுக்குக் குறையாமல் தானியம் வேண்டும். மானாவாரியில் ஏக்கருக்குச் சில நூறு கிலோதான் கிடைக்கும் என்பதால், ஏறக்குறைய அரை ஏக்கர் விளைச்சல் ஒரு பேருந்துக் கூட்டத்தோடு விற்றுப்போகும்.

வேறு சான்றும் இருக்கிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இந்த மலையில் சிறுதானியங்களை வைத்து வேலை செய்தது. விதை வங்கி, ஊருக்குள்ளேயே உமி நீக்கும் மிஷின், மகளிர் குழுக்கள் வழியாக மாவும் அரிசியும் பையிலிட்டு விற்பது என்று மூன்று முனைகளிலும் கை வைத்தார்கள். அங்கே கிடைத்த பாடம் தெளிவானது: பாரம்பரியத்தைக் காப்பாற்றுங்கள் என்று பேசியதைவிட மிஷின் வந்ததும் விலை கிடைத்ததும்தான் பெண்களிடம் எடுபட்டது. உலக்கை வேலை குறைந்தது, உபரிக்கு வாங்குகிறவர் கிடைத்தார். மலைக்கு வரும் பயணியும் அந்த வாங்குகிறவர்களில் ஒருவர்.

அப்படியானால் எப்போது போவது? கோடை விடுமுறையில் போகாதீர்கள் என்பதே என் முதல் ஆலோசனை. ஏப்ரல், மே மாதங்களில் பள்ளி விடுமுறைக் கூட்டம் வளைவுகளை அடைத்துக்கொள்ளும், ஓடைகள் மெலிந்திருக்கும், மேட்டுக்காடு உழுத மண்ணாகக் கிடக்கும். அந்தக் காலத்தின் ஒரே பெருமை பலாப்பழம். கோடை மழையை ஒட்டி விதைப்பு தொடங்கும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பயிர் பச்சை கட்டும். ஆடிப்பெருக்கை ஒட்டிச் செம்மேட்டில் அரசு எடுக்கும் வல்வில் ஓரி விழாவுக்காகவே வருகிறவர்கள் வரலாம், அமைதியாக வயல் பார்க்க நினைக்கிறவர்கள் அந்த நாட்களைத் தவிர்க்கலாம். செப்டம்பரிலிருந்து குறுகிய கால ரகங்கள் அறுப்புக்கு வரும், நீண்ட காலச் சாமை அதற்குப் பின்னால் வரும். அக்டோபர், நவம்பர் வடகிழக்குப் பருவமழை அருவிக்கு நல்லது, மலைச்சாலைக்கு நல்லதில்லை. கனமழை எச்சரிக்கை இருக்கும் நாளில் ஏறாதீர்கள். எல்லாம் கூடி வருவது டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முடிய. மழை ஓய்ந்திருக்கும், அருவியில் தண்ணீர் மிச்சமிருக்கும், காப்பிப் பழம் சிவந்து பறிப்பு நடக்கும், மிளகுச் சரங்கள் முற்றிக்கொண்டிருக்கும், களத்தில் தானியம் காயும். இரவில் குளிர் 15 டிகிரிக்கும் கீழே இறங்கும் என்பதால் கம்பளி அவசியம். கிழமையில் செவ்வாய் முதல் வியாழன் வரை உத்தமம்.

கட்டாயம் ஓர் இரவு தங்குங்கள். இதுவும் வயலோடு சேர்ந்த யோசனைதான். உழவு வேலை விடிந்ததும் தொடங்கி, வெயில் ஏறியதும் தணிந்து, பொழுது சாயும்போது மறுபடி உயிர் பெறும். பகல் பதினோரு மணிக்கு மேலேறி நாலு மணிக்கு இறங்குகிறவர் மலை ஓய்வெடுக்கும் நேரத்தில் வந்து போகிறார். செம்மேட்டிலும் சோளக்காட்டிலும் தங்கும் விடுதிகள் உண்டு. முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு, காலையில் ஆறு மணிக்கு வண்டியை விடுதியிலேயே விட்டுவிட்டு, இரண்டு ஊர்களுக்கு இடையிலான தார்ச்சாலையிலோ மண்சாலையிலோ மூன்று நான்கு கிலோமீட்டர் நடங்கள். காட்டுக்குள் போக வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் மலையேற்றம் போனவர்கள் உயிரிழந்த பிறகு, தமிழ்நாட்டில் காப்புக்காட்டுக்குள் மலையேற்றத்துக்கு வனத்துறை அனுமதி கட்டாயம். அனுமதி இல்லாமல் வழிகாட்டுகிறேன் என்று யாராவது கூப்பிட்டால் மறுத்துவிடுங்கள். ஊர்ச்சாலைக்கு அனுமதி தேவையில்லை, பார்க்க வேண்டியதெல்லாம் அதன் இருபுறமும்தான் இருக்கிறது.

இன்னொரு தடை மனதில் எழக்கூடும். உழைக்கிறவர்களை வேடிக்கை பார்க்கக் கூட்டத்தை அனுப்புவது முறையா? இது கனமான கேள்வி. பழங்குடி ஊரைக் காட்சிச்சாலையாக்கும் பயணங்கள் உலகமெங்கும் நடக்கின்றன, அவை அசிங்கமானவை. நான் சொல்வது வேறு வகை. ஒரு நெல் வயலைக் கடந்து போகும்போது தஞ்சாவூரிலோ திண்டுக்கல்லிலோ எப்படி நடந்துகொள்வீர்களோ, அப்படியே இங்கேயும். வரப்பில் கால் வைக்கும் முன் கேளுங்கள். ‘ஐயா, அம்மா, அண்ணா, அக்கா’ என்று மரியாதையாகப் பேசுங்கள். மலைவாழ் மக்கள் என்றதும் ‘நீ, வா, போ’ என்று இறங்குகிற பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது, அது இங்கே உடனே கவனிக்கப்படும். வேலை செய்யும் பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். குழந்தைகளுக்கு மிட்டாயும் காசும் கொடுத்துப் பழக்காதீர்கள். ஊர்களை ஒட்டிச் சாமிக்கென்று விட்ட கோயில் காடுகள் உண்டு. பெரிய மரங்களும் கொடியுமாக, சுற்றிலும் வயலிருக்க நடுவில் தனியாக நிற்கும். அவற்றுக்குள் காலணியோடு போகக் கூடாது. பல இடங்களில் வெளியார் நுழைவதே வழக்கமில்லை என்பதால் ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்டுவிட்டு நடங்கள். உழவர் பேசத் தயாராக இருந்தால் பயிரைப் பற்றிக் கேளுங்கள். இது என்ன ரகம், எப்போது விதைத்தீர்கள், விதை எங்கே கிடைத்தது என்று கேட்கிறவரிடம் காட்டும் முகமே வேறு.

அருவிக்கே போக வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆகாயகங்கை சுமார் 300 அடியிலிருந்து விழுகிறது. அறப்பளீசுவரர் கோயிலை ஒட்டி இறங்கும் படிகள் 1,000-த்துக்கும் மேல். இறங்குவது சுலபம், ஏறுவதில்தான் மூட்டும் மூச்சும் சோதிக்கப்படும். இதய நோயாளிகளும் முழங்கால் வலி உள்ளவர்களும் கோயிலோடு நின்றுகொள்வது நல்லது. அவர்களுக்கு மாசிலா அருவியும் நம்மருவியும் எளிதானவை. காலை முதல் ஆளாக இறங்குங்கள், பிற்பகல் மூன்று மணிக்கு மேல் இறங்காதீர்கள். தண்ணீர் மிகுந்திருக்கும்போது குளிக்க விடமாட்டார்கள், வாதாட வேண்டாம். இந்தத் தண்ணீர் ஐயாற்றுத் தண்ணீர். மலை மேல் வயல்களின் ஓடைகளெல்லாம் சேர்ந்து ஐயாறாகி, இங்கே விழுந்து, காட்டு வழியே திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலையில் சமவெளி சேர்கிறது. மேலே மேட்டுக்காட்டில் மண் கரைந்தால் அருவி கலங்கும், அருவியில் நீங்கள் தேய்க்கும் ஷாம்பு புளியஞ்சோலைக்குப் போகும். ஷாம்பு உறையும் தட்டும் கோப்பையும் அங்கேயே போடுவது 2019 ஜனவரி முதல் நடப்பில் உள்ள ஒருமுறைப் பிளாஸ்டிக் தடைக்கு எதிரானது என்பது ஒருபுறம் இருக்கட்டும், அவற்றைப் பொறுக்கி மேலே சுமந்து வருகிறவர்கள் ஆயிரம் படி ஏற வேண்டும். குரங்குகளுக்குத் தீனி போடுகிறவர்கள், அவை பிறகு போய்ப் பறிப்பது உழவரின் பலாவையும் வாழையையும் என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

வாங்குவதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, கடைத்தெருவில் வயலின் பொருளும் காட்டின் பொருளும் கலந்தே வைத்திருப்பார்கள் என்பதால். கோயில் பக்கமும் காட்சி முனைகளிலும் முடவாட்டுக்கால் விற்பார்கள், அதன் சூப்பும் கிடைக்கும். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு பெரணியின் கிழங்கு அது. தவிட்டு நிறத்தில் மெத்தென்ற ரோமம் போர்த்தி, பார்க்க ஆட்டுக்கால் போலவே இருக்கும். ரோமத்தைச் சுரண்டி எடுத்தால் உள்ளே வெளிர்பச்சைச் சதை. மூட்டுவலிக்கு நல்லது என்பது நம்பிக்கை. ஒரு கோப்பை சூப் குடிப்பதில் எனக்கு மறுப்பில்லை. கிலோ கணக்கில் வாங்கிப் போவதை மட்டும் தவிர்க்கச் சொல்வேன். யாரும் இதைப் பயிர் செய்வதில்லை, பாறையிலிருந்து பெயர்த்து எடுக்கிறார்கள். வண்டிக்கு இரண்டு கிலோ என்று வாரா வாரம் போனால் எட்டும் பாறைகள் முதலில் வெறுமையாகும், பிறகு எட்டாத பாறைகளில் ஏறுகிறவர் தவறி விழுவார். அதை விற்றுத்தானே அந்த அம்மா பிழைக்கிறார் என்பீர்கள். உண்மை. அதே அம்மாவின் கூடையில் மலைவாழையும் அன்னாசியும் மிளகும் இருக்கும், அவற்றை வாங்குங்கள். பணம் அவருக்கே போகிறது, பொருள் அடுத்த ஆண்டும் விளையும். சித்தர் மூலிகை என்று பொட்டலம் கட்டித் தருவதை நோய்க்கு நம்பிச் சாப்பிடாதீர்கள். கோரக்கர் குகையின் பெயரும் சித்தர் கதைகளும் மலைக்கு அழகு சேர்ப்பவை, மருந்துச் சீட்டுக்கு மாற்று அல்ல.

மிளகு வாங்கும்போது கையில் அள்ளி எடை பாருங்கள். நன்றாகக் காய்ந்த மிளகு கனமாகவும் உருட்டாகவும் இருக்கும், நகத்தால் நசுங்காது. இனி சாமை. பளிச்சென்று வெள்ளையாக இருப்பது அதிகம் தீட்டியது, அதில் தவிடு மிச்சமில்லை. உமி மட்டும் நீக்கியது மங்கலான பழுப்பு கலந்த வெண்மையாக இருக்கும், ஊடே உமி போகாத மணிகள் ஒன்றிரண்டு தெரியும். அந்த ஒன்றிரண்டைக் குறையாக எண்ணி விலையைக் குறைக்கச் சொல்லாதீர்கள், சிறிய மிஷினில் அரைத்ததற்கு அதுவே அடையாளம். தவிடு இருப்பதால் எண்ணெய்ச் சத்து சீக்கிரம் சிக்கு வாடை பிடிக்கும். ஆகவே அரைத்த நாளைக் கேட்டு, இரண்டு மாதத்துக்குள் தீரும் அளவு மட்டும் வாங்குங்கள். ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் வைத்தால் உதிரியாக வேகும். கடைத்தெருவில் சமவெளியிலிருந்து ஏற்றி வந்த சாமையும் மலைச் சாமை என்ற பெயரில் இருக்கலாம். எந்த ஊரில் விளைந்தது, என்ன ரகம் என்று கேட்டுப் பாருங்கள். விளைவித்தவருக்குப் பதில் தெரியும். விடுதியில் தங்குகிறவர்கள் முதல் நாளே சொல்லி வைத்தால் காலையில் கேழ்வரகுக் களியோ மதியம் சாமைச் சோறோ செய்து தரக்கூடிய சமையலாள் அநேகமாக இருப்பார். பரோட்டாவும் ஃப்ரைடு ரைசும் கேட்டுக்கொண்டே இருந்தால் அதைத்தான் வைத்திருப்பார்கள்.

ஒரே நாள்தான் கிடைத்தது, கூடவே குழந்தைகள், என்ன செய்வது? அப்படிப்பட்டவர்கள் பட்டியலைச் சுருக்க வேண்டும். நாமக்கல்லிலிருந்து செம்மேடு ஏறக்குறைய 55 கிலோமீட்டர், வளைவுகளால் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. விடியுமுன் புறப்பட்டு எட்டு மணிக்குள் மேலே வந்துவிடுங்கள். அருவி, காட்சி முனை, படகுத்துறை மூன்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மீதி நேரத்தை ஒரு நாட்டுக்குள் நடப்பதற்கு ஒதுக்குங்கள். வளைவுகளில் வயிறு புரட்டும் குழந்தைகளுக்கு ஏறும் முன் வயிறு நிறையச் சாப்பாடு வேண்டாம். காப்பிப் பழத்தைப் பிதுக்கினால் வழவழவென்று இரண்டு கொட்டை வருவதையும், மிளகுக்கொடி மரத்தைப் பற்றியிருக்கும் வேர்களையும் காட்டினால் பிள்ளைகள் ஒரு மணி நேரம் சலிக்காமல் நிற்பார்கள். தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டுப் பறியுங்கள். பேருந்தில் வருகிறவர்கள் நாமக்கல், சேலம், ராசிபுரம் பேருந்துகளின் கடைசி நேரத்தை ஏறும்போதே நடத்துனரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

இறங்குவதற்குக் காரவள்ளிச் சாலை தவிர, ராசிபுரம், ஆத்தூர் பக்கம் போகிறவர்களுக்கு முள்ளுக்குறிச்சிச் சாலையும் இருக்கிறது. எதில் இறங்கினாலும் இரண்டாம் கியரிலோ அதற்குக் கீழோ இன்ஜின் பிடிப்பில் இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பாதி வழியில் சூடேறிப் பிடிப்பு விட்டுவிடும். ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டிதான் நின்று வழிவிட வேண்டும். கிழங்கு பிடுங்கும் மாதங்களில் மூட்டை ஏற்றிய லாரிகள் உங்களுக்கு முன்னால் ஊர்ந்து இறங்கிக்கொண்டிருக்கும். ஒரு முழு ஆண்டின் உழைப்பு அதில் போகிறது, ஹாரன் அடித்து அவசரப்படுத்தாமல் அடுத்த அகலமான வளைவு வரை பின்னாலேயே வாருங்கள். மாலை ஐந்துக்கு மேல் மூடுபனி இறங்கும் நாட்களில் அதற்கு முன்பே கிளம்பிவிட வேண்டும். முடியாமல் போனால் இன்னோர் இரவு செம்மேட்டிலேயே தங்கிவிட்டுக் காலையில் இறங்குங்கள்.